பெண்களும் வயசானவங்களும் நட்சத்திரத்தை அள்ளிப் போடுறாங்களா?

ஜனவரி 4, இரவு 10.20

வாசகர் ஒருவர் கேட்டது, அப்படியே: "மக்கள் போடும் நட்சத்திரத்தை நம்பிப் படத்துக்குப் போனால் ஏமாற்றம்தான். பெண்கள் மனசு இளகி அஞ்சு போட்டுவிடுகிறார்கள். வயசானவர்கள் பழைய ஞாபகத்தில் அள்ளிக் கொடுக்கிறார்கள். படத்தைப் படமாகப் பார்த்து மார்க் போடுவது இருபது முப்பது வயசு ஆண்கள்தான். இல்லை என்று யாராவது கணக்கோடு காட்ட முடியுமா?"

நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாலு வருஷமாக ஆய்வகத்தில் கொடுப்பது மூவிலென்ஸ் தரவு. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் குரூப்லென்ஸ் குழு நடத்தும் படப் பரிந்துரைத் தளம் அது. 2000-ல் அதில் சேர்ந்த 6,040 பேர் சுமார் 3,900 படங்களுக்குப் போட்ட 10,00,209 மதிப்பெண்களை 2003-ல் பொதுவில் வைத்தார்கள். ஒவ்வொருவரும் குறைந்தது 20 படத்துக்குப் போட்டவர்கள். ஒன்று முதல் ஐந்து வரை முழு நட்சத்திரம் மட்டும், அரை கிடையாது. ஆணா பெண்ணா, என்ன வயசு, என்ன வேலை என்பதும் கூடவே இருக்கிறது. இந்தக் கேள்விக்கு இதைவிடத் தோதான தரவு எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதலில் மொத்தச் சராசரி. ஆண்கள் 3.57. பெண்கள் 3.62.

வயசு வாரியாக: 18க்குக் கீழே 3.55, 18-24 வயசில் 3.51, 25-34ல் 3.55, 35-44ல் 3.62, 45-49ல் 3.64, 50-55ல் 3.71, 56க்கு மேலே 3.77.

கேட்டவர் சொன்னதில் பாதி சரி போலத்தான் தெரிகிறது. பெரியவர்கள் தாராளம். பெண்கள் விஷயம் 0.05தான், அதை என்ன சொல்ல. நாளைக்கு எழுதுகிறேன், விடைத்தாள் கட்டு காத்திருக்கிறது.

ஜனவரி 5, காலை 6.50

தரவை இறக்கிப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வயசுப் பத்தியில் 1 என்று இருக்கும். ஒரு வயசுக் குழந்தை என்று அர்த்தமில்லை, "18க்குக் கீழே" என்பதற்கான குறியீடு. 56 என்றால் 56ம் அதற்கு மேலும். வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை இந்தப் பத்திக்கே சராசரி போட்டுக்கொண்டு வந்து நிற்கும்.

ஜனவரி 5, இரவு 9.35

0.05 விஷயத்துக்கு வருகிறேன். பத்து லட்சம் மதிப்பெண் கையில் இருந்தால் எவ்வளவு சின்ன வித்தியாசமும் "தற்செயல் இல்லை" என்று புள்ளியியல் சோதனையில் தேறிவிடும். தேறியதாலேயே அது பெரிய வித்தியாசம் ஆகிவிடாது. இந்தத் தரவின் திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு, 1.12. ஒருவருக்கும் இன்னொருவருக்கும் ஒரு நட்சத்திரத்துக்கு மேல் முன்னே பின்னே இருப்பது சர்வசாதாரணம். அந்தச் சந்தையில் 0.05-ஐத் தூக்கிக்கொண்டு "பெண்கள் மனசு இளகியவர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. இருபது படம் பார்த்தால் ஒரே ஒரு படத்துக்கு ஒரு நட்சத்திரம் கூடப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பேச்சு இன்றோடு முடியட்டும் என்பது என் ஆசை. ஸ்டாஃப் ரூமிலேயே இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன்.

ஜனவரி 8

"அப்படியானால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ரசனையில் வித்தியாசமே இல்லையா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது. மொத்தச் சராசரியில் தேடினால் அது கிடைக்காது, படம் படமாகப் பார்க்க வேண்டும். குறைந்தது 250 பேர் மதிப்பெண் போட்ட படங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பெண்கள் பக்கம் அதிகம் சாய்ந்தது டர்ட்டி டான்சிங், 1987-ல் வந்தது. பெண்கள் 3.79, ஆண்கள் 2.96. கிரீஸ், லிட்டில் விமன், ஸ்டீல் மக்னோலியாஸ் மூன்றும் இதே வரிசை. ஆண்கள் பக்கம் அதிகம் சாய்ந்தது 1966-ல் வந்த தி குட், தி பேட் அண்ட் தி அக்ளி என்கிற துப்பாக்கிச் சண்டைப் படம். ஆண்கள் 4.22, பெண்கள் 3.49. டம்ப் அண்ட் டம்பர் ஆண்களிடம் 3.34, பெண்களிடம் 2.70.

மொத்தத்தில் 0.05 என்றது, ஒரு படத்தில் 0.83 வரை போகிறது. ஒரு படத்தில் இந்தப் பக்கம், இன்னொன்றில் அந்தப் பக்கம் என்று இழுத்துக்கொண்டு, கூட்டினால் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன.

ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் நான் ஆவலோடு காத்திருக்கும் கட்டம் ஒன்று உண்டு. பெண்கள் மிக உயர்வாக வைத்த படங்கள் எவை என்று, தரவைத் திறக்கும் முன்னால் பிள்ளைகளைச் சொல்லச் சொல்வேன். எல்லாரும் காதல் படம் என்பார்கள். பட்டியலில் முதலில் நிற்பது எ க்ளோஸ் ஷேவ், 4.64. வாலஸ் என்கிற ஆளும் குரோமிட் என்கிற நாயும் வருகிற, களிமண் பொம்மையில் எடுத்த அரைமணி நேரக் குறும்படம். அடுத்ததும் அதே ஜோடியின் இன்னொரு குறும்படம். பிறகு வருகிறவற்றில் சன்செட் பூலவார்ட், ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட், ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன் உண்டு. இந்த ஐந்துக்குமே ஆண்களும் 4.46க்கு மேல்தான் போட்டிருக்கிறார்கள். உச்சியில் இரண்டு பேரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சண்டை எல்லாம் நடுவில்தான்.

ஜனவரி 9

ஒன்று விட்டுப்போச்சு. டம்ப் அண்ட் டம்பருக்கு ஆண் பெண் இடைவெளி 0.64. ஆனால் அந்தப் படத்தின் மொத்தத் திட்ட விலக்கம் 1.32, அந்த 250 பேர் வரையறைக்குள் எல்லாவற்றையும்விட அதிகம். அதாவது அந்தப் படத்தை வைத்து ஆணுக்கும் ஆணுக்கும் நடக்கும் சண்டை ஆணுக்கும் பெண்ணுக்கும் நடப்பதைவிடப் பெரியது. நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

ஜனவரி 18, இரவு 11.05

டிசம்பர் லீவில் வீட்டிலேயே ஒரு கணக்கு ஆரம்பித்தோம். இது ஆராய்ச்சி இல்லை, நாலே பேர். ஆனால் இது என்னை வேறு பக்கம் திருப்பிவிட்டதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் டிவியில் ஏதாவது ஒரு படம். முடிந்ததும் ஆளுக்கொரு தினக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் படத்தின் பெயரும் நட்சத்திரமும் எழுதி, பழைய பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். மற்றவர் தாளை எட்டிப் பார்க்கக் கூடாது. என் மாமியாருக்கு 71 வயசு, மகளுக்கு 16, வீட்டுக்காரர், நான். டிசம்பர் லீவிலேயே மகள் இதைத் தொடங்கிவிட்டதால் நேற்றோடு 14 படம் ஆகியிருந்தது.

அத்தை முதல் நாளே கேட்டுவிட்டார், "அஞ்சுக்கு எத்தனைன்னா? மூணு போட்டா பாஸா, பெயிலா?" பாஸ் என்றேன். "அப்ப மூணுக்குக் கீழ நான் போட மாட்டேன். அத்தனை பேரு வெயில்ல நின்னு எடுத்துருக்காக." மகள் இதற்கு நேர் எதிர். அவளுக்கு ஒன்று உண்டு, ஐந்து உண்டு, நடுவில் போட அவளுக்கு அபூர்வமாகத்தான் மனசு வரும்.

நேற்று டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன். அத்தையின் சராசரி 4.22. மகளுடையது 3.29. கிட்டத்தட்ட ஒரு நட்சத்திர வித்தியாசம். மூவிலென்ஸில் பார்த்த அதே சங்கதி எங்கள் கூடத்திலேயே நடக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தாள்களை அடுக்கும்போது உறைத்தது, மகளின் தாள் 14 இருக்கிறது, அத்தையின் தாள் 9தான் இருக்கிறது.

மீதி ஐந்து எங்கே? அத்தை அந்த ஐந்து படத்திலும் பாதியில் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். பிடிக்காத படத்தை அவர் முடிப்பதே இல்லை. தாளும் போடுவதில்லை.

அந்த ஒன்பது படத்துக்கு மட்டும் மகளின் சராசரி போட்டேன். 3.78. இடைவெளி 0.94-லிருந்து 0.44 ஆகிவிட்டது. பாதிக்கும் மேல், மார்க் போடுவதில் இருந்த தாராளமே இல்லை. எதை உட்கார்ந்து பார்ப்பது என்பதில் இருந்த கண்டிப்பு. "பெரியவர்கள் தாராளம்" என்று 4ஆம் தேதி எழுதினேனே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஜனவரி 19

இதே கண்ணோடு மூவிலென்ஸுக்குப் போனேன். 56க்கு மேற்பட்டவர்கள் 380 பேர், அவர்கள் போட்ட மதிப்பெண் 38,780. ஆளுக்கு 102 படம். 25-34 வயசுக்காரர்கள் 2,096 பேர், 3,95,556 மதிப்பெண். ஆளுக்கு 189. ஆண்கள் ஆளுக்கு 174 படம், பெண்கள் ஆளுக்கு 144. பார்த்தீர்களா, சராசரி எங்கே கூடுகிறதோ அங்கே எண்ணிக்கை குறைகிறது. குறைவாகப் பார்ப்பவர் பொறுக்கிப் பார்க்கிறார். பொறுக்கிப் பார்ப்பவருக்குக் குப்பை கண்ணில் படுவதில்லை.

பத்து லட்சத்தையும் பிரித்துப் போட்டாலும் அதே கதை. 4 நட்சத்திரம் 3,48,971 தடவை, 5 நட்சத்திரம் 2,26,310 தடவை. ஒற்றை நட்சத்திரம் வெறும் 56,174. நூற்றுக்கு 57.5 மதிப்பெண் நாலும் ஐந்தும்தான். உலகத்துப் படமெல்லாம் அவ்வளவு நல்ல படமா? பிடிக்கும் என்று தோன்றியதைத்தான் மனுசர்கள் பார்க்கிறார்கள்.

ஜனவரி 21

நேற்று முந்தாநாள் எழுதியதில் அவசரப்பட்டுவிட்டேன். எல்லா வயசுக்கும் ஆளுக்கு எத்தனை படம் என்று போட்டுப் பார்த்திருக்க வேண்டும். 18க்குக் கீழ் உள்ள 222 பேர் ஆளுக்கு 123 படம்தான் போட்டிருக்கிறார்கள், சராசரி 3.55. என் கணக்குப்படி அவர்கள் மேலே இருந்திருக்க வேண்டும், இல்லை. 18-24ம் 35-44ம் ஆளுக்கு 166, 167 என்று ஏறக்குறைய ஒரே அளவு. சராசரி மட்டும் 3.51, 3.62.

ஆகவே எண்ணிக்கை மட்டும் விடை இல்லை. எந்தப் படம் என்பதும் சேர வேண்டும். 2000-ல் பதினாறு வயசுப் பையன் அந்த வாரம் வந்த படத்துக்கு நண்பர்களோடு போய் உட்காருவான், நல்லதும் கெட்டதும் கலந்துதான் வரும். 60 வயசுக்காரர் அறுபதுகளின் படம் ஒன்றை எடுத்துப் பார்த்தால், அது நாற்பது வருஷம் சலித்து நின்ற படம். தோற்ற படங்களை உலகமே மறந்துவிட்டிருக்கும். காலம் அவருக்காகப் பொறுக்கிக் கொடுத்துவிடுகிறது.

அதோடு அத்தையின் "மூணுக்குக் கீழ போட மாட்டேன்" என்பதையும் நான் மறக்கவில்லை. எங்கள் வீட்டில் மிஞ்சிய 0.44 அதுதான் என்று நினைக்கிறேன். பழக்கம் என்று ஒன்று உண்டு, இல்லை என்று நான் சொல்லவே இல்லை.

ஜனவரி 27, இரவு 10.10

ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அக்கா, வித்தியாசம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும். சராசரியில எல்லாரும் ஒண்ணா கலந்துடறாங்களே, அதுல என்ன நஷ்டம்?"

நஷ்டம் இருக்கிறது, இதுதான் எனக்கு இந்த முழு விஷயத்திலும் பொறுக்காத இடம். கலப்பது சரிபாதியாகக் கலப்பதில்லை. பத்து லட்சத்தில் பெண்கள் போட்டது 2,46,440, நாலில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. மேலே சொன்ன இரண்டு படத்தையும் எடுத்துக்கொள்வோம்.

தி குட், தி பேட் அண்ட் தி அக்ளிக்கு 822 பேர் போட்டார்கள். அதில் பெண்கள் 99. மொத்தச் சராசரி 4.13. டர்ட்டி டான்சிங்குக்கு 687 பேர், பெண்கள் 291. மொத்தச் சராசரி 3.31. பட்டியலில் இரண்டுக்கும் நடுவே 0.82 தூரம். ஒன்று உச்சியில், மற்றது கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே.

இப்போது ஆண் சராசரியையும் பெண் சராசரியையும் பாதிக்குப் பாதி எடையில் சேர்த்துப் பாருங்கள். முதல் படம் 3.86. இரண்டாவது 3.37. தூரம் 0.48 ஆகிவிட்டது. படமும் மாறவில்லை, ஒருத்தர் மார்க்கும் மாறவில்லை, தலையெண்ணிக்கையைச் சமன் செய்ததில் இடைவெளி 0.34 கரைந்துபோனது. முதலில் கேட்ட வாசகர், படத்தைப் படமாகப் பார்த்து மார்க் போடுவது ஆண்கள்தான் என்றார் இல்லையா? பொது மார்க்காக நம் கண்ணுக்குத் தெரிவதே பெரும்பாலும் அவர்கள் போட்டதுதான். அதைப் பார்த்துப் பழகியதால் மற்றது சாய்ந்ததாகத் தெரிகிறது.

இன்னொன்றும் அந்த 99-ல் இருக்கிறது. அந்தத் துப்பாக்கிச் சண்டைப் படத்துக்குப் போட்டவர்களில் பெண்கள் நூற்றுக்கு 12 பேர். அவர்கள் ஓரளவு விரும்பித்தான் போயிருப்பார்கள், அப்படியும் 3.49. டர்ட்டி டான்சிங்குக்குப் போட்டவர்களில் ஆண்கள் நூற்றுக்கு 58. அவர்களில் எத்தனை பேர் வீட்டம்மாவுக்குத் துணையாகப் போய் உட்கார்ந்தார்களோ. விரும்பி வந்தவரும் கூட வந்தவரும் போடும் மார்க் ஒன்றாக இருக்காது. என் வீட்டுக்காரர் நான் தேர்ந்தெடுத்த படங்களுக்குப் போட்ட தாள்களே சாட்சி.

ஜனவரி 28

ஐஎம்டிபி என்கிற திரைப்படத் தகவல் தளம் பற்றிக் கேட்டவர்களுக்கு. அங்கே முன்பு எந்தப் படத்தின் மதிப்பெண்ணையும் ஆண், பெண் என்றும், 18க்குக் கீழ், 18-29, 30-44, 45க்கு மேல் என்றும் பிரித்துப் பார்க்கலாம். நான் படத்துக்குப் போகும் முன் 45க்கு மேற்பட்ட பெண்களின் கட்டத்தைத்தான் பார்ப்பேன், என் கூட்டம் அது. அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

பார்க்காமலே போடுகிறவர்கள் தனி வியாதி. 2016-ல் நாலு பெண்களை வைத்து கோஸ்ட்பஸ்டர்ஸ் திரும்ப வந்தபோது, திரைக்கு வரும் முன்னாலேயே ஒற்றை நட்சத்திரம் குவிந்தது. ராட்டன் டொமேட்டோஸ் என்கிற பட விமர்சனத் தளம் 2019-ல், படம் வெளிவரும் முன் ரசிகர்கள் கருத்துப் போடுவதை நிறுத்தி, பிறகு டிக்கெட் வாங்கியது உறுதியானவர்களின் கணக்கைத் தனியாகக் காட்ட ஆரம்பித்தது.

இந்த வம்பெல்லாம் இல்லாமல் 1979 முதல் ஒரு வழி நடக்கிறது. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்கிற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் ஆட்கள் முதல் நாள் தியேட்டர் வாசலில் அட்டை கொடுக்கிறார்கள். ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம், கூடவே வயசு, ஆணா பெண்ணா. படம் பார்த்த ஆள்தான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் நாளே ஓடி வருகிறவர் ஆசையோடு வருகிறவர். அத்தையின் ஒன்பது தாள் கதைதான் அங்கேயும்.

பிப்ரவரி 2

"அமெரிக்காவின் 6,040 பேரை வைத்து எல்லாரையும் பற்றிப் பேசலாமா?" நியாயமான கேள்வி. அமெரிக்காவைப் பற்றிப் பேசவே அவர்கள் போதாது. வேலைப் பத்தியைத் திறந்தால் கல்லூரி மாணவர்கள் 759 பேர், ஓய்வு பெற்றவர்கள் 142, இல்லத்தரசிகள் 92, விவசாயிகள் 17. பதினேழே பேர்! 2000-ல் வீட்டில் இணையம் வைத்துக்கொண்டு உட்கார்ந்து இருபது படத்துக்கு மேல் மார்க் போட யாருக்கு ஒழிந்ததோ அவர்கள் இவர்கள். வயசும் வேலையும் அவர்களே சொன்னது, யாரும் சரிபார்க்கவில்லை.

பிப்ரவரி 9

அப்படியானால் பெரிய புதுத் தரவில் பார்க்க வேண்டியதுதானே என்கிறார்கள். அங்கேதான் கதவு சாத்தியிருக்கிறது. மூவிலென்ஸ் அடுத்து வெளியிட்ட ஒரு கோடி மதிப்பெண் தரவிலிருந்தே வயசும் பாலினமும் இல்லை.

ஏன் தயங்குகிறார்கள் என்பதற்கு இந்தக் கதையைக் கேட்டால் கோபம் வராது. நெட்ஃப்ளிக்ஸ் 2006-ல் பத்து லட்சம் டாலர் பரிசுப் போட்டிக்காக 4,80,189 பேரின் மதிப்பெண்களைப் பெயரை நீக்கிவிட்டு வெளியிட்டது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த அர்விந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகோவும், ஒருவர் போட்ட ஒரு சில மதிப்பெண்ணும் சுமாரான தேதியும் தெரிந்தாலே அந்தக் கூட்டத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று காட்டினார்கள். நாராயணன் நம் சென்னை ஐஐடியில் படித்தவர், வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும். நெட்ஃப்ளிக்ஸ் இரண்டாம் போட்டிக்கு வயசு, பாலினம், அஞ்சல் எண் எல்லாம் தருவதாக இருந்தது. வழக்கு வந்து, 2010-ல் போட்டியையே கைவிட்டார்கள்.

தரவு கிடைக்காததில் எனக்கு வருத்தம்தான். ஆனாலும் வயசையும் பாலினத்தையும் வெளியிடாமல் விட்டது சரி. அத்தையின் தாளில் பெயர் இல்லை, ஆனால் மூன்றுக்குக் கீழே இறங்காத கையெழுத்து எங்கள் வீட்டில் யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 16, இரவு 11.30

விட்டுப்போன ஐந்து படத்துக்கும் மார்க் வாங்கிவிடலாம் என்று இன்று சாயந்திரம் அத்தையிடம் கேட்டேன். பூ கட்டிக்கொண்டிருந்தார். "ஏம்மா, பாதியில எந்திரிச்சுப் போன படத்துக்கு என்னத்த மார்க்குப் போடுறது? நான் போட்டா அது பொய் மார்க்கு." எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மகள்தான் வழி சொன்னாள். "அப்பத்தா, நீங்க மார்க் போட வேணாம். எந்திரிச்ச நேரத்தை மட்டும் எழுதிப் போடுங்க." அத்தைக்கு அது பிடித்துவிட்டது.

இன்றைய படம் 8.50-க்கு ஆரம்பித்தது. அத்தை எழுந்து, காலண்டரில் ஒரு தாள் கிழித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். 9.35 என்று எழுதி டப்பாவில் போட்டுவிட்டுப் படுக்கப் போனார். நாங்கள் மூன்று பேரும் படத்தைக் கடைசி வரை பார்த்தோம். நான் இரண்டு போட்டேன்.